வெர்ஜினி ஏன் துணியக் கழட்டல? வெள்ளைச் சிலை, கிரேக்க அழகு, நம்ம நாணம்: ஒரு சந்தேகம்

ரோஸ்ஹில்காரி

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸ்ல ரோஸ் ஹில்லேர்ந்து எழுதுறேன். பொண்ணு ஹெச்.எஸ்.சி.க்கு ஆர்ட் எடுத்திருக்கா. இந்த டேர்ம் அவளுக்கு ப்ராஜெக்ட், கிரேக்கக்காரங்க அழகுன்னு எதச் சொன்னாங்க, அடக்கம்னு எதச் சொன்னாங்க, பின்னாடி ஐரோப்பாவுல 1750லேர்ந்து ஒரு நூறு வருஷம் அதத் திரும்ப எடுத்து சிலை ஓவியம்னு செஞ்சாங்களே அதுல என்ன ஆச்சுன்னு. நமக்கு இங்க கைக்கெட்டுற தூரத்துல இருக்குறது ஒண்ணுதான், கோடான்ல ப்ளூ பென்னி மியூசியத்துல இருக்குற பால் வெர்ஜினி சிலை, நம்ம தீவுல நடக்குற ஒரு பழைய பிரெஞ்சுக் கதையில வர்ற பையனும் பொண்ணும். பள்ளிக்கூட லீவுல கூட்டிட்டுப் போனேன், மாமியாரும் வந்தாங்க.

சிலைய நான் சின்னப் புள்ளையில க்யூர்பிப் டவுன் ஹால் கிட்ட வெண்கலத்துல இருக்குற காப்பியாத்தான் பாத்திருக்கேன், மழையில நனஞ்சு கருத்துப் போய் இருக்கும். இங்க ரூமுக்குள்ள கிட்டப் போய் நின்னு பாத்தா வேற மாதிரி இருந்துச்சு. பையன் அந்தப் பொண்ணத் தூக்கிட்டு ஓடையத் தாண்டுறான், கால் வைக்க இடம் தேடுறான், அவ அவனப் புடிச்சுட்டு இருக்கா. பொண்ணு ஒரு மணி நேரம் உக்காந்து வரஞ்சா.

அப்பதான் மாமியார் ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்களுக்குக் கதை தெரியும், இந்த ஊர்ல யாருக்குத்தான் தெரியாது, கப்பல் முழுகுறப்ப துணியக் கழட்டிட்டு குதின்னு சொல்லியும் கழட்டாம செத்தவதான் வெர்ஜினி. "மானத்துக்காக உயிர விட்டவன்னு சிலை வச்சுக் கொண்டாடுறாங்களே, பொண்ணோட புஸ்தகத்துல அடுத்த பக்கத்துலயே ஒட்டுத்துணி இல்லாம ஒரு பொம்பள நிக்கிறா, அதுக்குக் கீழயும் அடக்கம்னு எழுதியிருக்கு, எது அடக்கம்?"னு கேட்டாங்க. புஸ்தகத்துல இருந்தது கிரேக்கக் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி, ஒரு கையால மறச்சுட்டு நிக்கிற சிலை. பொண்ணுக்குப் பதில் தெரியல, எனக்கும் தெரியல.

கேலி பண்ண கேக்கல, நிஜமாவே புரிஞ்சுக்கணும். ஒரே ஆளுங்க, ஒரே காலம், ஒருத்தி துணியக் கழட்டாததால புனிதம், இன்னொருத்தி துணியே இல்லாம புனிதம். கிரேக்கத்துலயே இப்பிடித்தானா, இல்ல பின்னாடி வந்தவங்க பண்ண குழப்பமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, பெருசா எழுதினாலும் பரவால்ல, படிப்பேன்.

---

மோக்கா டீச்சர்

உங்க மாமியார் கேட்டது ரொம்ப சரியான கேள்விம்மா. இருவத்தி ரெண்டு வருஷம் ஆர்ட் சொல்லிக் குடுத்தேன், இந்தக் கேள்விய இவ்வளவு நேராக் கேட்ட புள்ளைங்க கம்மி.

மொதல்ல கிரேக்கம். அங்க ரொம்ப நாளைக்கு அம்மணமா நின்னது ஆம்பளைங்கதான். பழைய காலத்து சிலைகள்ல பையன் வெறும் உடம்போட நிப்பான், பொண்ணு கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் துணியோட நிப்பா. ஆம்பளைங்க உடற்பயிற்சி பண்ணது, ஓட்டப்பந்தயம் ஓடுனது எல்லாம் அப்பிடித்தான், அதுல அவங்களுக்கு வெக்கம் இல்ல, பெருமதான். நல்ல உடம்பும் நல்ல குணமும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நம்பினாங்க, ரெண்டையும் சேத்து ஒரே வார்த்தையா கலோககாத்தியான்னு சொல்லுவாங்க. பொம்பளைக்கு அந்தப் பெரும கிடையாது. பெரிய அளவுல ஒரு பெண் தெய்வத்த முழுசா துணியில்லாம மொதல்ல செதுக்குனது கி.மு. 4ஆம் நூற்றாண்டுல பிராக்ஸிடெலீஸ்ங்கிற சிற்பிதான், புஸ்தகத்துல நீங்க பாத்தது அந்த வழியில வந்தது. பிளினிங்கிற ரோமானிய எழுத்தாளர் எழுதி வச்ச கதை ஒண்ணு இருக்கு. பிராக்ஸிடெலீஸ் ரெண்டு அஃப்ரோடைட்டி செஞ்சு விலைக்கு வச்சிருந்தாராம், ஒண்ணு துணியோட, ஒண்ணு இல்லாம. கோஸ் தீவுக்காரங்க மொதல்ல வந்து துணியோட இருந்ததுதான் மரியாதைன்னு வாங்கிட்டுப் போனாங்க, மிச்சத்த நிடோஸ் ஊர்க்காரங்க வாங்கினாங்க, அதப் பாக்கத்தான் கடல் தாண்டி ஜனம் வந்துச்சு. அப்ப கிரேக்கத்துலயே எல்லாரும் ஒரே மனசா இருக்கல பாருங்க, ரெண்டு ஊர் ரெண்டு விதமா முடிவெடுத்திருக்கு. அந்த மூலச் சிலை இப்ப இல்ல, ரோமானியர் செஞ்ச காப்பிதான் இருக்கு.

அடக்கத்துக்கு அவங்க வார்த்தை ஐதோஸ். வெக்கம், மரியாத, இப்பிடிச் செஞ்சா நாலு பேரு என்ன நினைப்பாங்கங்கிற கூச்சம் எல்லாம் சேந்த வார்த்த. அரிஸ்டாட்டில் காலத்துலயே அது பழமொழி ஆயிடுச்சு, ஐதோஸ் இருக்குறது கண்ணுலன்னு. துணியிலன்னு சொல்லல, கண்ணுலன்னு சொன்னாங்க. அதனாலதான் நல்ல சிலைகள்ல பார்வை ஓரமாத் திரும்பியிருக்கும், நம்மளப் பாக்காது.

அப்புறம் 1755ல விங்கெல்மான்னு ஒரு ஜெர்மன்காரர் ஒரு சின்னப் புஸ்தகம் போட்டாரு. கிரேக்கக் கலையோட உயிர் உன்னதமான எளிமையும் அமைதியான பெருமையும்னாரு. கடல் மேல எவ்வளவு கொந்தளிச்சாலும் அடியில அமைதியா இருக்குற மாதிரி, எவ்வளவு வேதனையிலயும் அந்த முகம் கலங்காதுன்னு சொன்னாரு. ஐரோப்பாவே அதப் புடிச்சுகிச்சு. அவர் கிரீஸ் போனதே இல்ல, அந்தப் புஸ்தகத்த ஜெர்மனியில ட்ரெஸ்டன்ல இருந்துட்டுத்தான் எழுதினாரு, ரோம்ல இருந்த காப்பிகளப் பாத்ததே அதுக்கு அப்புறம்தான், இத உங்க பொண்ணு கண்டிப்பா குறிச்சுக்கணும்.

இப்ப நம்ம வெர்ஜினிக்கு வாங்க. கதைய எழுதின பிரெஞ்சுக்காரர் பெர்னார்தின் இங்க 1768லேர்ந்து 1770 வரைக்கும் இருந்தவரு, கதை வெளிவந்தது 1788, அதாவது விங்கெல்மான் பேச்சு ஐரோப்பா பூரா ஓடிட்டு இருந்த நேரம். கப்பல் காட்சிய மறுபடி படிச்சுப் பாருங்க. அவள காப்பாத்த வர்ற மாலுமி அம்மணமா இருக்கான், ஹெர்குலிஸ் மாதிரி முறுக்கேறின உடம்புன்னே எழுதியிருக்காரு. அதாவது கிரேக்க ஆம்பளச் சிலை ஒண்ணு உயிரோட வந்து அவ முன்னாடி மண்டி போடுது. அவ அவனத் தள்ளிட்டு, ஒரு கைய துணி மேலயும் ஒரு கைய நெஞ்சு மேலயும் வச்சுட்டு, அமைதியான கண்ண மேல தூக்குறா.

ரெண்டு கை. ஒண்ணு நெஞ்சு கிட்ட, ஒண்ணு கீழ. அந்த அஃப்ரோடைட்டி வழியில வந்த மெடிச்சி வீனஸ் (அஃப்ரோடைட்டிக்கு ரோமானியர் வச்ச பேருதான் வீனஸ்) படத்த, ஃப்ளோரன்ஸ்ல இருக்குறது, பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு கை மார்புக்கு, ஒரு கை கீழ. கிட்டத்தட்ட அதே நிலை. வெர்ஜினி துணி போட்ட வீனஸ்தான்னு நான் நினைக்கிறேன், வருஷக்கணக்கா கிளாஸ்ல இதச் சொல்லி ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுவேன். ஒருத்தி மறைக்கிற கையே அவ அடக்கம், இன்னொருத்தி விடாத கையே அவ அடக்கம். உங்க மாமியார் பாத்த ரெண்டு பொம்பளையும் ஒரே சைகையத்தான் பண்றாங்க.

1789ல ஜோசஃப் வெர்னே வெர்ஜினியோட சாவ வரஞ்சாரு, புயல் அடிச்ச கரையில உடம்பு ஒதுங்கிக் கெடக்கும். கதையிலயும் கரையில கண்டெடுக்குறப்ப ஒரு கை துணி மேலதான் இருக்கும். அந்தக் காலத்து ஐரோப்பாவே இதுக்கு அழுதுச்சு.

---

சுதைக்காரன்

டீச்சரம்மா சொன்னது நல்லா இருந்துச்சு, நான் வேற பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்றேன். நான் கும்பகோணம் பக்கம், இங்க கோயில் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகுது, கோபுரத்துல சுதை உருவம் செய்யிறது, வர்ணம் அடிக்கிறது. கடல் காத்துக்கும் சைக்ளோனுக்கும் இங்க வர்ணம் ஊர்ல மாதிரி நிக்காது, கும்பாபிஷேகத்துக்கு பன்னெண்டு வருஷம்னா அதுக்குள்ள பாதி வெளுத்துடும்.

நான் சொல்ல வந்தது அந்த வெள்ளையப் பத்தி. கிரேக்கச் சிலை வெள்ளையே இல்லீங்க. அதுல வர்ணம் இருந்துச்சு, உதடு, கண்ணு, முடி, துணிக் கரை எல்லாத்துக்கும். மண்ணுக்குள்ள கெடந்து போயிடுச்சு. பிளினியே எழுதியிருக்காரு, பிராக்ஸிடெலீஸ் கிட்ட உன் சிலையில எது ஒசத்தின்னு கேட்டதுக்கு, நிகியாஸ்ங்கிற ஓவியர் கை வச்சதுதான்னு சொன்னாராம். கல்லு செதுக்குனவரே வர்ணம் அடிச்சவருக்கு அந்த மரியாதை குடுத்திருக்காரு. இதப் படிச்ச அன்னைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா இங்க டூரிஸ்ட் சில பேரு கோபுரத்தப் பாத்து கலரு ஜாஸ்தின்னு சொல்றது காதுல விழும், சாரத்து மேல நின்னுட்டுக் கேட்டுட்டு இருப்பேன்.

அதேன்ஸ் மியூசியத்துல ஃப்ராசிக்ளேயான்னு ஒரு பொண்ணு சிலை இருக்கு, கி.மு. 6ஆம் நூற்றாண்டு, 1972ல மண்ணுலேர்ந்து எடுத்தாங்க. எவ்வளவு நாள் மண்ணுல இருந்தும் வர்ணம் கொஞ்சம் ஒட்டிட்டு இருந்துச்சு. சிவப்பு உடுப்பு, அதுல பூ பூவா, தலையில தாமரை மொட்டு வச்ச கிரீடம், ஒரு கையில மொட்டு ஒண்ணு, இன்னொரு கை உடுப்ப லேசாப் புடிச்சிருக்கும். கல்யாணம் ஆகாம செத்த பொண்ணோட சமாதிச் சிலை அது. அடியில எழுதியிருக்கு, கல்யாணத்துக்குப் பதிலா தெய்வங்க எனக்கு இந்தப் பேரக் குடுத்தாங்க, எப்பவும் கன்னின்னே கூப்பிடுவாங்கன்னு. டீச்சரம்மா, உங்க ரெண்டு கை கணக்குல இவளையும் சேத்துக்குங்க. கல்யாணம் ஆகாம செத்த பொண்ணு, கை உடுப்பு மேல. நம்ம வெர்ஜினிக்கு அக்கா மாதிரி இல்ல?

வெள்ளைய அழகுன்னு புடிச்சுக்கிட்டது பின்னாடி வந்தவங்கதான். விங்கெல்மானே எழுதினாரு, உடம்பு எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அழகுன்னு. அப்புறம் வெள்ளையே அவங்களுக்குத் துணி ஆயிடுச்சு, நான் புரிஞ்சுகிட்டது இதுதான். கனோவாங்கிற இத்தாலி சிற்பி கிட்ட படிச்ச ஜான் கிப்சன்னு ஒரு ஆளு, கிரேக்கக்காரங்க மாதிரியே செய்யிறேன்னு 1850கள்ல ஒரு வீனஸுக்கு லேசா சதை நிறம், கண்ணுக்கு நீலம், முடிக்குப் பொன் நிறம் பூசினாரு. 1862ல லண்டன்ல வச்சாங்க, கூச்சல் போட்டாங்க, இது ஆபாசம்னு. அதே வீனஸ் வெள்ளையா இருந்தா ட்ராயிங் ரூம்ல வச்சிருப்பாங்க. கொஞ்சம் சிவப்பு ஏறினதும் அது சிலை இல்ல, பொம்பள.

இன்னொண்ணு, நமக்கு நல்லாப் புரியிற விஷயம். அதேன்ஸ்ல அத்தீனாவுக்கு ஒரு பழைய மரச் சிலை இருந்துச்சு, அதுதான் அங்க நிஜமான மூலவர் மாதிரி. அதுக்கு புதுசா நெய்த சேலை சாத்துறதுக்குன்னே திருவிழா உண்டு. அதோட உடுப்பையும் நகையையும் கழட்டி சுத்தம் பண்றதுக்கும் வருஷத்துல ஒரு நாள் உண்டு, குறிப்பிட்ட ஒரு குடும்பத்துப் பொம்பளைங்கதான் அதச் செய்யலாம், அப்ப சிலைய மூடி வச்சிருவாங்க, யாரும் பாக்கக் கூடாது, அந்த நாளே ஆகாத நாளு, ஊர்ல எந்த வேலையும் தொடங்க மாட்டாங்க. அல்சிபியாடீஸ்ங்கிற தளபதி நாடு திரும்புனது அந்த நாள்லன்னு ஜனங்க சகுனம் பாத்தாங்க. அலங்காரம் மாத்துறப்ப நாம திரை போடுறோம்ல, அதே மனசு. மைதானத்துல அம்மணமா ஓடுன அதே ஊர்க்காரங்கதான் இதையும் செஞ்சாங்க.

---

ரோஸ்ஹில்காரி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, மாமியாருக்கு படிச்சுக் காட்டினேன். திரை போடுற விஷயத்தக் கேட்டதும் அவங்க கண்ணு பெருசாச்சு, "அப்ப அவங்களும் நம்ம மாதிரி தானா"ன்னாங்க. பொண்ணு அந்த ஃப்ராசிக்ளேயா படத்தத் தேடி எடுத்துட்டா, வர்ணம் திரும்பப் போட்டுக் காட்டின காப்பியும் இருக்கு, பாத்தா நம்ம அம்மன் மாதிரியே இருக்கான்னு சொல்றா. அளவு பத்தியும் கேக்குறா, கிரேக்கத்துல உடம்புக்குக் கணக்கு வச்சிருந்தாங்களாமே, நம்மளுக்கும் உண்டான்னு.

---

சுதைக்காரன்

உண்டு அக்கா. நம்ம கணக்கு தாளம், முகத்தோட நீளம் ஒரு தாளம், பன்னெண்டு அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேல்ல இருக்குற இஞ்ச் இல்ல, உருவத்தப் பொறுத்து மாறும். நவதாளம்னா 108 அங்குலம், பெரிய தெய்வத்துக்கு உத்தம தசதாளம் 124. கிரேக்கத்துல பாலிகிளைட்டஸ்ங்கிற சிற்பி விரலுக்கும் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் கணக்குப் போட்டு ஒரு நூலே எழுதினாரு, நூல் போயிடுச்சு, ஈட்டி புடிச்ச வீரன் சிலையோட காப்பிதான் இருக்கு. ரோம்ல விட்ருவியஸ்ங்கிற கட்டடக்காரர் முகம் உடம்புல பத்துல ஒண்ணுன்னு எழுதி வச்சாரு. அவங்க இடுப்ப ஒரு பக்கம் சாச்சு நிறுத்துறதும் நம்ம திரிபங்கமும் (உடம்ப மூணு எடத்துல வளைச்சு நிறுத்துறது) ஒண்ணு இல்ல, ஆனா பொண்ணு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரஞ்சு பாத்தா அவளுக்கே தெரிஞ்சுடும்.

---

பழைய துறைமுகம்

எல்லாரும் நல்ல விஷயம் சொல்லியிருக்கீங்க, ஆனா ஒண்ணு விட்டுப் போச்சு, அத எழுதாம எனக்குத் தூக்கம் வராது.

அந்தச் சிலையில அவங்க தாண்டுறது எந்த ஓடை, எங்கேர்ந்து திரும்பி வர்றாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா? கதையில அதுக்கு முன்னாடி ஒரு அடிமைப் பொம்பள வெர்ஜினி வீட்டு வாசலுக்கு ஓடி வர்றா. எலும்பும் தோலுமா இருக்கா, இடுப்புல ஒரு சாக்குத்துணிக் கிழிசல் மட்டும்தான், உடம்பு பூரா சவுக்குத் தழும்பு. வெர்ஜினி அவளுக்கு சோறு குடுத்து, மன்னிச்சுடச் சொல்லிக் கேக்குறேன்னு அவள அந்த எஜமான் கிட்டயே திரும்பக் கூட்டிட்டுப் போறா. மன்னிச்சுட்டேன்னு அவன் சொல்றான். திரும்பி வர்ற வழியிலதான் இந்த ஆறு, இந்தத் தூக்குறது, நாம மியூசியத்துல பாக்குறது. அந்தப் பொம்பள என்ன ஆனா? கால் சங்கிலிய ஒரு கட்டையில மாட்டி, கழுத்துல மூணு கொக்கி வச்ச இரும்பு வளையம் போட்டுட்டாங்க. அதுவும் கதையிலயே இருக்கு.

சாக்குத்துணிக் கிழிசல். அவளுக்கு நாணம் இல்லையா? அவ எந்தக் கைய எங்க வச்சு மறச்சிருப்பா? அவளுக்கு யாரும் கல்லு எடுக்கல.

சிலை செஞ்ச ப்ரோஸ்பெர் டெபினே இங்க பொறந்தவரு, 1836ல, அடிமைத்தனம் இந்தத் தீவுல ஒழிஞ்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அவரு அப்பா அட்ரியன் டெபினே வக்கீலு, அடிமை வச்சிருந்த முதலாளிங்க பக்கம் நின்னு லண்டன் வரைக்கும் போய் வாதாடினவரு, அவரோட சிலை போர்ட் லூயிஸ்ல கம்பெனி தோட்டத்துல நிக்கிது, அதச் செதுக்குனதும் இந்த மகன்தான். மகனோட கைத்திறம கொறஞ்சதுன்னு நான் சொல்லல, நல்ல கை. 1874ல அவரு செஞ்ச பொன் அரைக்கச்சைங்கிற பொண்ணு சிலைக்கு உடம்புல துணி கிடையாது, பாரிஸ்ல புகழ்ந்தாங்க. பின்னாடி ரெய்ம்ஸ் தேவாலயத்துக்கு ஜோன் ஆஃப் ஆர்க் செஞ்சாரு, அது பல வர்ணத்துல, கவசத்தோட முழுசா மூடி நிக்கும். ஒரே ஆளு மூணு விதமாவும் செஞ்சிருக்காரு.

அதே நூற்றாண்டுல ஹிராம் பவர்ஸ்னு அமெரிக்கக்காரர் 1844ல கிரேக்க அடிமைன்னு ஒரு சிலை செஞ்சாரு, துருக்கிக்காரங்க சந்தையில விக்கிற கிறிஸ்தவப் பொண்ணு, அம்மணமா, கையில சங்கிலி. அமெரிக்காவுல ஊர் ஊராக் கொண்டு போனாங்க. உடம்பு தெரிஞ்சாலும் அவ ஆத்மாவுக்குத் துணி இருக்குங்கிற மாதிரி பாதிரிங்களே சிபாரிசு பண்ணினாங்க. அப்ப அந்த நாட்டுல நிஜமான சந்தையில நிஜமான கறுப்புப் பொம்பளைங்க நின்னுட்டு இருந்தாங்க. 1851ல லண்டன் கண்காட்சியில அது வந்தப்ப பஞ்ச்ங்கிற கேலிப் பத்திரிகை ஒரு படம் போட்டுச்சு, அதே நிலையில ஒரு கறுப்புப் பொண்ணு. அது சொல்லிடுச்சு எல்லாத்தையும்.

நம்ம கதைக்கு வர்றேன். மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல ஒப்பந்தக் கூலியா வந்தவங்களோட பதிவு இருக்கு, 1860கள்லேர்ந்து போட்டோவும் எடுத்தாங்க. எங்க பாட்டியோட பாட்டி போட்டோ அங்கேர்ந்து காப்பி வாங்கி வச்சிருக்கேன். முதல் தடவ அதப் பாத்தப்ப கை நடுங்குச்சு. சேலைய இழுத்து மார மூடிப் புடிச்சிருக்காங்க, வலது கை அந்த முந்தானையிலதான் இருக்கு, விரல் இறுகி எலும்பு தெரியுது. நம்பர் எழுதி வச்சிருக்கு. கண்ணு ஓரமாத் திரும்பல, நேரா கேமராவப் பாக்குது. ஐதோஸ் கண்ணுலன்னு டீச்சர் எழுதினதப் படிச்சதும் அந்தப் போட்டோவ எடுத்து திரும்ப ஒரு தடவ பாத்தேன். முந்தானைய விடாத கையும் அது, நேராப் பாக்குற கண்ணும் அது, எனக்கு அதுக்கு மேல அழகு தெரியல.

---

மோக்கா டீச்சர்

தம்பி, நீங்க எழுதினதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. வாசல்ல வந்து நின்ன அந்தப் பொம்பளையப் பத்தி கிளாஸ்ல நான் பேசினதே இல்ல, சிலையோட கையப் பத்தி மட்டும் பேசிட்டு இருந்திருக்கேன்.

ஒண்ணு சேத்துக்குறேன். கதையில முழுகுற அந்த செயின்ட் ஜெரான் கப்பல் நிஜமாவே 1744 ஆகஸ்ட் 17 ராத்திரி நம்ம தீவோட வடகிழக்குக் கரையில பூத்ர் டோருக்கு எதிர்ல பாறையில மோதி உடஞ்சது. அதுல துணியக் கழட்ட மாட்டேன்னு சொன்னது பொண்ணு இல்ல, கேப்டன். உயிர் பொழச்ச மாலுமி ஒருத்தர் வாக்குமூலத்துல சொல்லியிருக்காரு, கழட்டுங்க நீந்திடலாம்னு கெஞ்சினேன், என் பதவிக்கு அம்மணமாக் கரையில போய் நிக்கிறது தகாது, பையில முக்கியமான பேப்பரும் இருக்குன்னு சொல்லிட்டாருன்னு. அவரு செத்துட்டாரு. கதாசிரியர் அந்த நாணத்த கேப்டன் கிட்டேர்ந்து எடுத்து பொண்ணு கிட்ட குடுத்துட்டாரு. ஆம்பள செஞ்சா பதவி மரியாத, பொண்ணு செஞ்சா கற்புன்னு மாறிப் போச்சு.

உங்க மாமியாருக்கு நம்ம வள்ளுவர்லேர்ந்து ஒண்ணு படிச்சுக் காட்டுங்க, நாணுடைமை அதிகாரம். "ஊணுடை எச்சம் உயிர்க்கெல்லாம் வேறல்ல நாணுடைமை மாந்தர் சிறப்பு." சாப்பாடு, துணி, மத்ததெல்லாம் எல்லாருக்கும் பொது, நாணம்தான் மனுசனுக்குச் சிறப்பு. துணிய ஒரு பக்கம் வச்சுட்டு நாணத்த இன்னொரு பக்கம் வச்சுட்டாரு. அதுக்கு முந்தின குறள்லயே தப்பான காரியம் செய்யக் கூசுறதுதான் நாணம், அழகான பொண்ணுங்களோட வெக்கம் வேறங்கிறாரு. அப்பிடிப் பாத்தா சந்தையில நின்னவளுக்கு நாணம் போகல, வித்தவனுக்குத்தான் அது இல்ல.

---

க்யூர்பிப் மழை

எல்லாம் சரி, ஒரு சின்ன மறுப்பு. அந்தக் காலத்துச் சிலைய எல்லாத்தையும் வெள்ளத் திமிருன்னு தள்ளிட வேணாம். கனோவா வேலையப் பாத்தவங்களுக்குத் தெரியும், நான் ரோம்ல போர்கேசே மாளிகையில நெப்போலியன் தங்கச்சி பௌலின் சிலையப் பாத்தேன், கல்லு மெத்தையில அவ உடம்பு அழுந்துற இடத்துல மெத்த உள்ள போயிருக்கு, கல்லுன்னு நம்பவே முடியாது. நெப்போலியனையும் அவரு அம்மணமாத்தான் செஞ்சாரு, ரெண்டு ஆள் உசரத்துல, நெப்போலியனே அதப் பாத்துட்டு வெளிய காட்ட வேணாம்னு மூடி வச்சிட்டாரு, கடைசியில அவரத் தோக்கடிச்ச வெலிங்டன் வீட்டு மாடிப்படி அடியில போய் நிக்கிது லண்டன்ல. அழகா இருக்குறது அழகாத்தான் இருக்கு, யாருக்காகச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் என் கண்ணு அத விட்டு வரல.

---

ரோஸ்ஹில்காரி

க்யூர்பிப் அண்ணா சொல்றதையும் பொண்ணு எழுதிகிட்டா, அவளுக்கும் சிலை மேல ஆச போகல, போகவும் வேணாம்னு நான் சொன்னேன்.

நேத்து ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் இந்தப் பதில் எல்லாத்தையும் மாமியாருக்கு மொதல்லேர்ந்து படிச்சேன். கேப்டன் விஷயத்துக்குத் தலைய ஆட்டினாங்க. அந்தப் போட்டோ வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க, அவங்க முந்தானையத் தானாப் புடிச்சுட்டு இருந்தாங்க, நான் கவனிச்சேன், பொண்ணும் கவனிச்சிட்டா. இன்னைக்குக் காலையில பாத்தா ப்ராஜெக்ட் நோட்டுல மூணு கை வரஞ்சிருக்கா, முகம் இல்லாம கை மட்டும். ஃப்ராசிக்ளேயாவோடது உடுப்பப் புடிச்சது, வெர்ஜினியோடது கல்லு வெள்ளையில, மூணாவது சுருக்கம் விழுந்த கை, பழைய வளையலோட, அது யாரோடதுன்னு கேக்க வேண்டியதில்ல. நாலாவதுக்கு எடம் விட்டிருக்கா, அந்தச் சாக்குத்துணிப் பொம்பளைக்கு, எப்பிடி வரையிறதுன்னு தெரியலன்னு சொல்றா.

சுதைக்கார அண்ணா, ஒரு உதவி. மூணுக்கும் வர்ணம் குடுக்கணும்னு நிக்கிறா, ஃப்ராசிக்ளேயாவோட சிவப்பு மாதிரி கல்லுல ஒட்டுன பழைய சிவப்பு எப்பிடிக் கலக்குறது? அப்புறம் நீங்க கோபுரத்துல கண்ணு எழுதுறதக் கிட்டேர்ந்து பாக்க முடியுமா?

---

சுதைக்காரன்

பழைய சிவப்புக்கு செங்காவிய அடியா வச்சு மேல கொஞ்சம் நல்ல சிவப்பு லேசா இழுக்கச் சொல்லுங்க, வெள்ள கலக்க வேணாம், ரோஸ் ஆயிடும். காஞ்சதும் ஈரத்துணியால ஒரு ஓரத்துல தேச்சு எடுக்கட்டும், கல்லு வெளிய தெரியிற மாதிரி வரும்.

கண்ணு கடைசியாத்தான் எழுதுவோம். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில கீழ் நிலையில ரெண்டு துவாரபாலகருக்கு எழுதுறேன், அதுக்கு சாரம் ஏற வேண்டியதில்ல, கீழ நின்னே பாக்கலாம். வெயில் ஏர்றதுக்குள்ள வந்துடுங்க, மாமியாரையும் கூட்டிட்டு வாங்க, பொண்ண பழைய துணி போட்டுட்டு வரச் சொல்லுங்க, மேலேர்ந்து வர்ணம் சொட்டும்.